தலைசுற்றலோடு எடையைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வசந்தமல்லி | பிப்ரவரி 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திருச்சி. வயது 43, உயரம் 157 செ.மீ., எடை 84 கிலோ. மூன்று வருடமாகத் தலைசுற்றல். சுற்றல் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அறை சுழல்வது கிடையாது. பரிசலில் நிற்பது போல ஒரு ஆட்டம், எழுந்ததிலிருந்து படுக்கும்வரை கூடவே இருக்கும். சில நாள் லேசாக இருக்கும். சில நாள் சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போக முடியாது.

பார்க்காத பரிசோதனை இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர் இரண்டு பேரையும் பார்த்தாயிற்று. மூளைக்கு எம்.ஆர்.ஐ., காதுக்குள் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டுப் பார்க்கும் சோதனை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 10.2 இருந்தது. மாத்திரை சாப்பிட்டு 12.4 ஆனது, ஆட்டம் மட்டும் போகவில்லை. மாமியார் பித்தம் என்கிறார். இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன்.

இது வருவதற்கு முன் 71 கிலோ இருந்தேன். பயத்தில் நடையை நிறுத்தினேன். நடுவில் எட்டு மாதம் இரவில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அதில் பசியும் தூக்கமும் கூடிப்போய் அந்த எட்டு மாதத்தில் மட்டும் 6 கிலோ ஏறியது. போன மாதம் பார்த்த மருத்துவர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. "முதலில் எடையைக் குறையுங்கள், தலைசுற்றல் தானாகப் போய்விடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆட்டோவில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன். தலை சுற்றுவதால்தானே நடக்க முடியவில்லை, அப்புறம் எப்படிக் குறைப்பது?

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையை ஆரம்பித்தேன். நான்காம் நாள் பத்து மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள், மகள் வந்து தூக்கும்வரை எழவில்லை. மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்தேன், மூன்றாவது சுற்றிலேயே குமட்டல். நடனப் பயிற்சி வகுப்பில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இப்படி இருந்தும் எடையைக் குறைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். தலைசுற்றலுக்கு வைத்தியம் கேட்கவில்லை. அது இருக்கும்போதே எப்படி என்பதுதான் என் கேள்வி.

உறுதி_உடல் | பிப்ரவரி 9, இரவு 10:25

அக்கா, நான் எட்டு வருடமாக ஜிம்மில் பயிற்சியாளர். அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் மொத்தமாக நிறுத்துங்கள். முதல் வாரம் எல்லோருக்கும் தலை சுற்றும், பயப்படாதீர்கள், பத்து நாளில் உடம்பு பழகிவிடும். பயந்து பாதியில் விடுவதால்தான் நிறையப் பேருக்கு எடை குறைவதில்லை.

கோவைக்காரன்51 | பிப்ரவரி 10, காலை 6:10

சகோதரி, நான் குறைத்திருக்கிறேன். 96 கிலோவில் இருந்து 85. பதினான்கு மாதம் ஆனது. தலைசுற்றல் இன்னும் இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பயிற்சியாளர் தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தம்பி, கோபம் வேண்டாம், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் முதல் வாரம் உடம்பிலிருந்து நிறைய நீரும் உப்பும் வெளியேறும். நீங்கள் சொல்லும் முதல் வாரத் தலைசுற்றல் அதனால்தான். உங்களைப் போன்றவர்கள் அதைத் தாங்கிவிடலாம். ஏற்கனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு, இது பழைய ஆட்டமா, புதிதா என்றே தெரியாமல் போய்விடும். நான் அப்படித்தான் ஒரு முறை கடையிலேயே விழுந்தேன்.

எனக்கு ஆறு வருடம் முன் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து, காதின் சமநிலை நரம்பைத் தாக்கியது. அது ஆறிவிட்டது, ஆட்டம் மட்டும் தங்கிவிட்டது. இரண்டு வருடம் அலைந்த பிறகு ஒரு மருத்துவர் பி.பி.பி.டி. என்று பெயர் சொன்னார். அதாவது, மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், சுழலாத ஆட்டம். நின்றால் கூடும், நகர்ந்தால் கூடும், கண்முன் நெரிசலான காட்சி இருந்தால் கூடும். 2017இல்தான் இதற்கு உலக அளவில் ஒரே இலக்கணம் வகுத்தார்களாம். அதனால் எல்லா மருத்துவர்களும் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள் என்கிறேன். எனக்குப் பம்ப்செட் உதிரிபாகக் கடை. அலமாரி முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். அந்த வரிசையைப் பார்த்தாலே தரை நகரும்.

இனி நான் செய்தது. முதலில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் மட்டும். முதுகு சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முதல் நாள் நான்கு நிமிடம்தான். வாரம் ஒரு நிமிடம் கூட்டினேன். மிதிக்கும்போது டி.வி. பார்க்கக்கூடாது, செல்போனும் கூடாது. எதிர்ச் சுவரில் அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும். எனக்கு அது காலண்டர். சைக்கிள் வாங்க முடியாவிட்டால் கைப்பிடி உள்ள நாற்காலி போதும். நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதுமாகப் பத்து முறை, ரப்பர் பட்டையைப் பிடித்து இழுப்பது, உட்கார்ந்தபடியே முழங்காலைத் தூக்குவது.

டிரெட்மில் மட்டும் வேண்டாம். கால் நடக்கிறது, கண்முன் எதுவும் நகரவில்லை, இறங்கினால் தரை ஓடுகிறது. எனக்கு ஒரு முழு நாள் கெட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன், கடை திறக்க வேண்டும்.

யாழ்வாணி | பிப்ரவரி 10, காலை 11:32

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் தலைச்சுற்று என்றுதான் சொல்லுவோம். எனக்கு வந்தது ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த தலைச்சுற்று. வேடிக்கை என்னவென்றால் பாதி நேரம் தலைவலியே இருக்காது, தலைச்சுற்று மட்டும்தான் வரும். அதனால் கண்டுபிடிக்கவே நாலு வருடம் எடுத்தது. வந்தால் ஐந்து நிமிடத்தில் இருந்து மூன்று நாள் வரைக்கும் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னவர்.

உங்களுக்கு வெளிச்சம், சத்தம், வாசனை ஒத்துக்கொள்ளாமல் போகுதா? சின்ன வயதில் பஸ்ஸில் சத்தி (வாந்தி) வருமா? குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருக்கா? இந்த மூன்றையும் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கோ.

எனக்குச் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தினாலே தொடங்கிவிடும். ஆகவே பட்டினி கிடந்து மெலிவது என்பது எங்களுக்கு இல்லை. நான் நேரத்தைப் பிடித்துக்கொண்டேன், அளவைக் குறைத்தேன். காலமை ஏழரைக்குப் புட்டு. முந்தி இரண்டு நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) அளவு, இப்ப ஒன்று, கூட ஒரு முட்டை, கடலை. பத்தரைக்குக் கொய்யாப்பழம். ஒரு மணிக்குச் சோறு, சாப்பாட்டுக் கோப்பையில் (தட்டில்) பாதிக்கு மரக்கறி. நாலு மணிக்குப் பிளேன் டீ, ஒரு பிடி கச்சான் (நிலக்கடலை). ஏழு மணிக்கு இராச்சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான், நித்திரையால் எழும்புவதும் அதே நேரம்தான். ஒன்பது மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. தலைச்சுற்று வரும் நாட்களும் குறைந்துவிட்டது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

கோப்பி குடிக்கிறவர் என்றால் ஒரே நாளில் நிற்பாட்ட வேண்டாம். தலையிடி பிடித்து ஆட்டும்.

வசந்தமல்லி | பிப்ரவரி 10, மதியம் 2:05

வாணி, நீங்கள் கேட்டதும் நினைவு வந்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொல்லிமலைக்குப் போனபோது 70 கொண்டை ஊசி வளைவுக்கும் ஜன்னலோரம் தலையை வெளியே வைத்தபடிதான் போனேன். அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. இதை எந்த மருத்துவரும் என்னிடம் கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

கோவை அண்ணா, பலசரக்குக் கடை வரிசையில் நடந்தால் எனக்கும் அப்படித்தான். அது என் பயம் என்றே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவருக்கும் அப்படி இருக்கிறது என்று படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

கோவைக்காரன்51 | பிப்ரவரி 10, இரவு 9:15

சாப்பாட்டில் நான் செய்தது இரண்டே மாற்றம்.

கடையில் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பேன், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. பத்துக் கரண்டி என்றால் 50 கிராம், 200 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி ஆகும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் டீ சர்க்கரை மட்டுமே நாற்பது நாளுக்கு ஒரு கிலோ. அதை மூன்று வாரத்தில் படிப்படியாக விட்டேன். டீயை விடவில்லை.

இரண்டாவது எண்ணெய். நாங்கள் நான்கு பேர், மாதம் 5 லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். மனைவி அதை 3 லிட்டர் ஆக்கினார். தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் சின்னக் கரண்டியால் அளந்து ஊற்றுவது, அவ்வளவுதான். சோறு ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. இட்லி ஆறு சாப்பிடுவேன், நான்கு ஆக்கினேன். சாம்பாரை மட்டும் பருப்பு கூடுதலாகப் போட்டு ஒரு கிண்ணம் குடித்துவிடுவேன். பசியோடு எழுந்ததே இல்லை. பசி வந்தால் எனக்கு ஆட்டம் வரும், ஆட்டம் வந்தால் அன்றைக்குச் சைக்கிள் கிடையாது.

பிசியோ_வேலூர் | பிப்ரவரி 11, மதியம் 1:20

நான் பிசியோதெரபிஸ்ட். சமநிலைக் கோளாறு உள்ளவர்களோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். இங்கே யாருக்கும் நோயைக் கண்டறிந்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் இந்த இழையில் இன்னும் வராத ஒரு விஷயம் இருக்கிறது.

தலைசுற்றல் உள்ளவர்கள் தலையை அசைக்காமல் வாழப் பழகிவிடுகிறார்கள். கழுத்தை இறுக்கிக்கொண்டு, உடம்போடு சேர்த்துத் திரும்புவார்கள், குனியவே மாட்டார்கள். அந்த நேரத்துக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் மூளை சமநிலையைத் திரும்பக் கற்றுக்கொள்வது அசைவின் வழியாகத்தான். அசைவை நிறுத்தினால் அந்தப் பாடம் நின்றுபோகிறது, தசை குறைகிறது, எடை ஏறுகிறது, அப்புறம் லேசான அசைவுக்கே ஆட்டம் கூடுகிறது. 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையில் அடிபட்டு வந்த போர்வீரர்களுக்குக் கண், தலை, உடம்பு என்று படிப்படியான அசைவுப் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். இன்று நாங்கள் கொடுக்கும் பயிற்சிகளுக்கு அதுதான் மூல வேர். ஆகவே உங்கள் தலைக்கான பயிற்சியும் எடைக்கான பயிற்சியும் வேறு வேறாக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு தாளில் "அ" என்று பெரிதாக எழுதி, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும்படி சுவரில் ஒட்டுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை "அ"வில் வைத்தபடி, இல்லை என்று சொல்வதுபோலத் தலையை இடமும் வலமும் லேசாகத் திருப்புங்கள். எழுத்து கலங்கக்கூடாது, கலங்கினால் வேகத்தைக் குறையுங்கள். அரை நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. கொஞ்சம் ஆட்டம் கூடத்தான் செய்யும். இருபது நிமிடத்துக்குள் அடங்கினால் அளவு சரி. மாலை வரை நீடித்தால் அளவு அதிகம், மறுநாள் பாதியாக்குங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள், கழுத்தில் அடிபட்டவர்கள் நேரில் காட்டாமல் இதைச் செய்ய வேண்டாம்.

எட்டு நடை பற்றி. எட்டு என்பது முழுக்க முழுக்கத் திரும்பல். சமநிலை சரியில்லாதவருக்கு அது ஆறாம் வகுப்புப் பாடம், நீங்கள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறீர்கள். வீட்டு நடையில் சுவரோரமாக நேர்கோட்டில் ஆரம்பியுங்கள், முனையில் நின்று, மெதுவாகத் திரும்பி வாருங்கள். சில மாதம் கழித்துப் பெரிய எட்டாகப் போட்டால் அதே நடை உங்களுக்கு நல்ல பயிற்சி ஆகும். மொட்டை மாடி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும், தலையைக் கீழே கொண்டுபோகும் சூரிய நமஸ்காரத்தையும் தள்ளி வையுங்கள்.

மாத்திரை விஷயம். தலைசுற்றலை அடக்கும் சில மாத்திரைகள் பசியையும் தூக்கத்தையும் கூட்டும், ஃப்ளூனாரிசின் அப்படிப்பட்டது. அடக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை பழகுவதும் தாமதமாகும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். "இதில் எடை கூடுமா, வேறு ஏதாவது மாற்ற முடியுமா, எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. திடீரென்று பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, இதுவரை வராத கடும் தலைவலி, நிற்கவே முடியாத தள்ளாட்டம், நெஞ்சுவலி, மயங்கி விழுவது இவற்றில் எது வந்தாலும் 108க்கு அழைக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வழக்கமாக வரும் ஆட்டம்தான் என்று படுத்துவிடாதீர்கள்.

மதுரைப்_பெரியவர் | பிப்ரவரி 12, காலை 5:50

எனக்கு வயது 68. இந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்தேன். எனக்கு இருபது வருடமாக ரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடத்தில் 9 கிலோ குறைத்தேன். குறையக் குறைய, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எடை குறைத்தும் இப்படியா என்று மனம் விட்டுப்போயிற்று.

என் பேத்தி செவிலியர் படிக்கிறாள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள், மேல் அளவு 128. நிற்க வைத்து மூன்றாவது நிமிடம் பார்த்தாள், 102. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டுமாம். எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு, 9 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மருந்து அதிகம் என்று மாத்திரையைப் பாதியாக்கினார். பத்து நாளில் சரியாயிற்று. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் சர்க்கரை கீழே இறங்கிவிடும்.

அம்மா வசந்தமல்லி, உனக்குப் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா?

வசந்தமல்லி | பிப்ரவரி 12, காலை 8:30

இல்லை ஐயா. மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்தார்கள், எல்லாம் உட்கார்ந்துதான். இந்த வாரமே பார்க்கிறேன். மிக்க நன்றி ஐயா.

உறுதி_உடல் | பிப்ரவரி 12, இரவு 11:02

எல்லோரும் எழுதியதை முழுதாகப் படித்தேன். வசந்தமல்லி அக்கா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னியுங்கள். பிசியோ மேடம், ஒரு சந்தேகம். என்னிடம் வரும் ஒருவர் பெஞ்சில் மல்லாந்து படுக்கும்போது அறையே சுழல்கிறது என்கிறார், அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதுவும் இந்த வகைதானா?

பிசியோ_வேலூர் | பிப்ரவரி 13, மதியம் 12:48

கேட்டது நல்லது தம்பி. படுக்கும்போது, புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுழற்சி என்றால் பெரும்பாலும் வேறு வகை. உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கின்றன. அவை இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால் இப்படிச் சுழலும். ஒரு பக்கம் தலையைத் திருப்பிப் படுக்க வைத்து, கண் அசைவைப் பார்த்தே உறுதிசெய்துவிடலாம். எப்லி முறை என்று ஒன்று இருக்கிறது. தலையை வரிசையாகச் சில நிலைகளில் வைத்து அந்தத் துகளை வெளியே கொண்டுவருவது. பலருக்கு ஓரிரு தடவையில் சரியாகிவிடும். அவரை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். தண்ணீர் இதற்கு உதவாது.

சிங்கை_மலர் | பிப்ரவரி 15, இரவு 8:17

எடை குறைக்கும் ஊசி, செமாகுளூடைட், பற்றி யாராவது சொல்ல முடியுமா? என் மருத்துவர் போடலாம் என்கிறார். எனக்கும் இரண்டு வருடமாக இதே ஆட்டம்தான். எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கவே பயம்.

பிசியோ_வேலூர் | பிப்ரவரி 15, இரவு 9:30

முடிவு உங்கள் மருத்துவருடையது. கேட்க வேண்டியது ஒன்று. அந்த ஊசியில் குமட்டலும் வாந்தியும் பரவலாக வருகிற பக்கவிளைவுகள், சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால் உடம்பு வறண்டு தலை சுற்றும். ஏற்கனவே ஆட்டம் உள்ளவர் என்று அவருக்குத் தெரியட்டும், அளவை எவ்வளவு மெதுவாகக் கூட்டலாம் என்று கேளுங்கள்.

வசந்தமல்லி | மார்ச் 18, இரவு 9:05

ஐந்து வாரம் ஆகிவிட்டது. எடை 84இலிருந்து 83.1. இதைப் போய் எழுதுவதா என்று தயங்கினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக முள் கீழே போயிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்தேன் ஐயா, வித்தியாசம் 6தான். அது இல்லை என்று தெரிந்ததே ஒரு நிம்மதி. வாணி கேட்ட கேள்விகளையும் கோவை அண்ணா சொன்ன பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி போனேன். முழுதாகப் படித்தார். இரண்டும் இருக்கலாம், இப்போதே உறுதியாகச் சொல்ல மாட்டேன், மூன்று மாதம் தினமும் குறிப்பு எழுதி வாருங்கள் என்றார். பெயர் கிடைக்கவில்லை. பரவாயில்லை.

"அ"வை மகள் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தந்தாள். பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் வாரம் பன்னிரண்டு வரை எண்ணுவதற்குள் எழுத்து இரண்டாகிவிடும். இப்போது முப்பது வரை அப்படியே நிற்கிறது.

சமையலறையையும் மாற்றினேன். அரிசிப் பானை கீழ்த்தட்டில் இருந்தது. அளக்கக் குனிந்து எழும்போதெல்லாம் அடுப்பு மேடை என் பக்கம் சாய்ந்து வரும். அந்தப் பயத்தில் ஒரே குனிவில் இரண்டு வேளைக்கும் சேர்த்து அள்ளி மொத்தமாக வடித்துவிடுவேன். சோறு மிஞ்சும், மிஞ்சியதை நான்தான் சாப்பிடுவேன். இப்போது ஒரு டப்பாவில் போட்டு மேடை மேலேயே வைத்திருக்கிறேன். வேளைக்கு வேளை அளந்து போடுகிறேன், மிஞ்சுவதில்லை.

கோவைக்காரன்51 | மார்ச் 18, இரவு 10:11

சகோதரி, அரிசிப் பானையைப் பற்றி எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அடுத்து வெயில் வரப்போகிறது. சித்திரையில் நம் போன்றவர்களுக்கு ஆட்டம் கூடும். பத்து மணிக்கு மேல் எந்தப் பயிற்சியும் வேண்டாம், மோர் நிறையக் குடியுங்கள். உப்பு போடலாமா என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தக் கொதிப்போ, காது அடைத்து இரைச்சலோடு வரும் மெனியர் நோயோ இருப்பவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், ரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்குக் கூட்டச் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வசந்தமல்லி | மே 6, மாலை 4:40

இரண்டு வாரமாக எதுவும் செய்யவில்லை. வெயில், தூக்கமில்லை, வீட்டில் விசேஷம். ஆட்டம் பழையபடி வந்துவிட்டது. எடை ஒரு கிலோ ஏறிவிட்டது. எல்லாம் போயிற்று என்று தோன்றுகிறது.

யாழ்வாணி | மே 6, மாலை 5:15

போகேல்லை அக்கா. எனக்கு இப்படி மூன்று தரம் வந்தது. கூடாத நாளுக்கென்று தனியாக ஒரு சின்னத் திட்டம் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரம் மாறாது, அளவும் குறைக்கிறதில்லை. கட்டிலில் இருந்தபடியே கணுக்காலை இருபது தரம் மடக்கி நீட்டுவேன். அவ்வளவுதான். அன்றைக்குத் தராசில் ஏற மாட்டேன். இன்றைக்கு அதை மட்டும் செய்யுங்கோ. நாளைக்கு வந்து எப்படி என்று எழுதுங்கோ.

வசந்தமல்லி | மே 7, காலை 7:50

செய்தேன் வாணி. இருபது தடவை. "அ"வையும் ஒரு தடவை பார்த்தேன்.

வசந்தமல்லி | ஜூன் 21, இரவு 8:55

இன்று காலை 79.8.

நான்கு மாதத்தில் 4.2 கிலோ. பயிற்சியாளர் தம்பி போன்றவர்களுக்கு இது ஒரு மாதக் கணக்காக இருக்கலாம். என் கால் முட்டிக்கு இது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆட்டம் போகவில்லை. குறிப்பேட்டில் பத்துக்கு எத்தனை என்று தினமும் போடுகிறேன். பிப்ரவரியில் பெரும்பாலும் 6, 7. இப்போது 4, 5. வாரத்தில் ஒரு நாளாவது இன்னும் 7 வரும். மருத்துவர் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, ஒற்றைத் தலைவலி பக்கம்தான் சாய்கிறது, ஆனாலும் முழுதாகப் பொருந்தவில்லை என்றார். எடை கூட்டாத மாத்திரை ஒன்றைச் சின்ன அளவில் ஆரம்பித்திருக்கிறார்.

இப்போது செய்வது இதுதான். காலை ஆறுக்கு எழுந்து, கட்டிலோரம் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் நிற்பேன். "அ" இப்போது நின்றபடி, சுவர் மூலையில் முதுகு கொடுத்து. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பதினைந்து முறை. ஏழரைக்கு மூன்று இட்லி, ஒரு முட்டை, கிண்ணம் நிறையச் சாம்பார். பதினொரு மணிக்குச் சுண்டல். சோறு மதியம் மட்டும், ஒரு டம்ளர் அளந்து. இரவு ஏழுக்கு இரண்டு தோசை, எண்ணெய் கரண்டியால்தான். டீ சர்க்கரையை விட ஒன்றரை மாதம் ஆனது.

போன ஞாயிறு ஒன்று நடந்தது, அதை எழுதத்தான் வந்தேன். மூன்று வருடமாக நான் தனியாகத் தெருவில் நடந்ததில்லை. மகள் கை இல்லாவிட்டால் கணவர் கை. ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, வண்டிகள் வருவதற்கு முன், அப்பாவின் பழைய கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் பூத் இருக்கிறது. பார்வையைத் தரையில் வைக்காமல் அடுத்த கம்பத்தின் மேல் வைத்தபடி போனேன். நான்காவது கம்பத்தில் தரை நகர்ந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முப்பது எண்ணினேன். அடங்கியது. பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் போனபோதும் அங்கேயேதான் நின்றிருக்கிறாள், பின்னாலேயே வரவில்லை. அதற்கு அவளிடம் நன்றி சொன்னேன்.

மதுரைப்_பெரியவர் | ஜூன் 22, காலை 5:35

படித்தேன் அம்மா. கைத்தடியின் அடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா பார். பழைய தடி என்கிறாய். மழை பெய்த தரையில் வழுக்கும். மருந்துக் கடையிலேயே புது ரப்பர் கிடைக்கும்.

வசந்தமல்லி | ஜூன் 22, காலை 9:12

தேய்ந்துதான் இருக்கிறது ஐயா. இன்று சாயங்காலமே வாங்கிவிடுகிறேன். மருந்துக் கடை பதினோராவது கம்பம்.